பங்கு வேறு, உதவி வேறு

1

போன வாரம் அச்சகத்திலிருந்து இந்தப் பருவத்துக்கான டிக்கெட் கட்டுகள் வந்து இறங்கின. எங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்து வாசலில் டிக்கெட் விற்கும் ஜன்னல்களில் ஒன்று என்னுடையது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். மூலையில் எப்போதும் இருக்கும் எட்டு நட்சத்திர முத்திரையைக் காணோம். அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்து ஜன்னல்காரி எட்டிப் பார்த்து, "மை மிச்சம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அந்த எட்டில் ஒன்று எப்படி உதிர்ந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். காரணம் தொலைக்காட்சி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அது எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதால் ஒரு வார்த்தையில் முடியவில்லை.

என் கணவர் சாமியப்பன் இங்கே கணிதப் பேராசிரியர். சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். நான் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு காட்டூரில் பிறந்தவள். எழுபத்தொன்றில், நாலு வயது மகள் மல்லிகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அமெரிக்காவின் நட்டநடுச் சமவெளியில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்தோம். சுற்றிலும் மக்காச்சோளம். நடுவில் ஒரு கல்லூரி. கல்லூரி இல்லாவிட்டால் ஊர் இல்லை.

இங்கே கல்லூரிகள் ஏழெட்டாகச் சேர்ந்து ஒரு கூட்டு வைத்துக்கொள்கின்றன. விளையாட்டுக்கான கூட்டு. வருஷம் முழுக்க ஒருவரோடு ஒருவர்தான் முக்கியமாக மோதுவார்கள். அதற்குக் 'கான்பரன்ஸ்' என்று பேர். எங்கள் கூட்டில் எட்டுக் கல்லூரி, முத்திரையில் ஆளுக்கொரு நட்சத்திரம். ஒவ்வொரு கல்லூரியும் தன் சார்பில் ஒரு பேராசிரியரை அதற்கு அனுப்பும். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரி இவரை அனுப்பியது. கணக்குத் தெரிந்தவர், குடிக்காதவர், யார் பக்கமும் சாயாதவர் என்று தேர்ந்தெடுத்தார்களாம். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. புதுக் கோட்டு வாங்கினார். நான் ஊருக்கு எழுதினேன்.

கான்பரன்ஸ் என்றால் ஊரில் மாநாடு என்றுதானே அர்த்தம்? என் அண்ணன் குமரேசன், "எங்க மாப்பிள்ளை அமெரிக்காவுல மாநாட்டுல இருக்காரு" என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறான். எந்தக் கட்சி என்று கேட்டிருக்கிறார்கள். மாநாடு வருஷக்கணக்காக முடியாமல் நடக்கிறது என்றதும், "சோத்துக்கு என்னுங்க பண்ணுவாங்க?" என்று கவலைப்பட்டார்களாம். அந்தக் கூட்டின் தலைவருக்குக் 'கமிஷனர்' என்று பேர் என்றும் நான் எழுதித் தொலைத்திருந்தேன். போலீஸ் சம்பந்தப்பட்ட விவகாரம் போலிருக்கிறது, ஜாக்கிரதையாக இருக்கச் சொல் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் படித்து மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மல்லிகா அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்தாள். நெடுந்தூரம் ஓடுகிறவள். பள்ளியில் அவளை 'மாலி' என்பார்கள். வீட்டிலும் ஆங்கிலம்தான் பேசுவாள். ஆனாலும் மூன்று பேரும் ஒன்றாகச் சிரிக்க விஷயங்கள் இருந்த காலம் அது.

2

இவர்கள் கால்பந்து என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவன் மேல் பத்துப் பேர் விழுவதும்தான் ஆட்டம். சனிக்கிழமை மத்தியானம் ஊரே மைதானத்தில் இருக்கும்.

அந்த ஆட்டங்களில் எதைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்பதை நாடு முழுமைக்குமான ஒரு சங்கம்தான் ரொம்ப காலம் முடிவு செய்துவந்தது. ஒரே கல்லூரியைத் திரும்பத் திரும்பக் காட்டக்கூடாது என்று அளவு வைத்திருந்தார்கள். டிவியிலேயே பார்த்துவிட்டால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற பயம். எங்கள் கூட்டில் இன்னொரு விதியும் இருந்தது. எட்டில் எந்தக் கல்லூரி டிவியில் வந்தாலும் அந்தப் பணம் பொதுவில் விழும். பொதுவிலிருந்து எட்டுச் சம பங்கு. எங்கள் கல்லூரி டிவியில் வந்தது அபூர்வம். ஆனால் பங்கு தவறாமல் வந்தது. அதில்தான் நீச்சல், டென்னிஸ், ஓட்டம் என்று டிக்கெட் விற்காத விளையாட்டெல்லாம் உயிரோடு இருந்தன.

"இது என்ன நியாயம், ஜெயிக்கறவனுக்கும் தோக்கறவனுக்கும் ஒரே பங்கு?" என்று ஒருநாள் அவரைக் கேட்டேன்.

"தோக்கறதுக்கு ஒருத்தன் வந்து நின்னாத்தானே வசந்தா ஜெயிக்க முடியும்? ரெண்டு பேர் சேர்ந்து ஆடினதுதான் ஒரு ஆட்டம்" என்றார். வகுப்பில் தேற்றம் சொல்கிற குரல்.

எண்பத்து நாலில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை உடைத்தது. ஒரு சங்கம் எல்லா ஆட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டு அளவு போடுவது போட்டிக்கு விரோதம், கல்லூரிகள் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே விற்கலாம் என்று தீர்ப்பு. பெரிய கல்லூரிகள் கொண்டாடின. அந்த இலையுதிர் காலத்தில் சனிக்கிழமையானால் எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் பந்தை இடுக்கிக்கொண்டு யாரோ ஓடிக்கொண்டிருந்தான். அதில்தான் வினை. ஆத்தூர்ச் சந்தைக்கு எல்லாரும் ஒரே நாளில் குச்சிக்கிழங்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? விலை விழுந்தது.

விலை விழுந்ததும் பங்கு பற்றிய பேச்சு எழுந்தது. எங்கள் எட்டில் மேற்கே இருந்த இரண்டும் பெரிய கல்லூரிகள். அவற்றில் ஒன்றின் சார்பில் வந்தவர் வாரன் என்ற சட்டப் பேராசிரியர். நல்ல மனிதர். எங்கள் வீட்டில் ரசம் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டவர். அவர்தான் கூட்டத்தில் முதலில் சொன்னார்: "ஜனங்கள் டிவியைத் திறப்பது எங்கள் பிள்ளைகளைப் பார்க்க. எங்கள் மைதானத்தில், எங்கள் செலவில் ஆடுகிறோம். எட்டில் ஒன்று என்பது எங்களுக்கு இனிக் கட்டாது."

முடிவு எடுக்காமல் கலைந்தார்கள். வசந்த காலத்தில் மறுபடி கூடி வாக்கெடுப்பு என்று பேச்சு.

நான் என் ஜன்னலிலிருந்து வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஆட்டம் எப்போதும் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு. இப்போது டிவிக்காரர் சொல்கிற நேரம். காலை பதினொன்று என்பார்கள், பிறகு சாயங்காலம் என்பார்கள். அறுவடையை நிறுத்திவிட்டு வருகிற விவசாயிகள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்து, ஜன்னலுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். என்னிடம் கோபப்படமாட்டார்கள். "உன் தப்பில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இங்கே உன்னை நன்றாக வைத்துக்கொள்கிறார்களா?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டுவேன்.

3

அந்தக் குளிர்கால விடுமுறையில் மூன்று பேரும் ஊருக்குப் போனோம். அண்ணன் சேலம் ஜங்ஷனுக்கு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ஆள் பெருத்திருந்தான். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டியில் கூட்டுச் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலில் இறங்கியிருந்தான். அவன் பேச்சில் காடு, பண்ணயம் என்ற விவசாய வார்த்தையெல்லாம் போய், கம்ப்ரசர், பிட்டு, கேசிங் என்று வந்துகொண்டிருந்தன.

மறுநாள் விடிந்ததும் மல்லிகா வழக்கம்போல ஓடக் கிளம்பிவிட்டாள். வரப்பு மேலே போய், இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரி வழியாகத் திரும்பி, மறுபடியும் வரப்பு. அடுத்த காட்டிலிருந்து செல்லம்மாக்கா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏஞ்சாமி, அம்மிணிய ஆரு தொரத்தறா? நாயா, ஆளா?"

மல்லிகா மூச்சு வாங்க நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "யாரும் தொரத்தலைங்க பெரியம்மா. சும்மா ஓடறேன்" என்றாள்.

"சும்மா ஓடறதுக்கா கண்ணு கடலைத் தாண்டி வந்தெ?"

அன்றிலிருந்து அவளுக்குச் செல்லம்மாக்காவைப் பிடித்துப்போயிற்று. ஓடி முடித்ததும் காட்டுக்குள் அக்கா குடியிருந்த சாளைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். செல்லம்மாக்கா எங்களுக்குப் பங்காளி வீட்டு மருமகள். புருஷன் போய்ப் பல வருஷம். மகன் ஆத்தூரில் சேகோ ஆலையில் வேலை. இவள் மட்டும் இரண்டு ஏக்கரை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு ஏக்கருக்கும் தண்ணீர் எங்கள் கூட்டுக் கிணற்றிலிருந்துதான். நாலு குடும்பத்துக்குப் பொது. வாரத்தில் இன்னின்ன நாள் இன்னாருக்கு என்று முறை. ரயில்வே குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த என் கணவருக்கு இது புதிது. முறை தவறினால் என்ன, மழைக்காலத்தில் என்ன, ஒருவர் நாளை இன்னொருவர் கடன் வாங்கினால் என்ன என்று கிணற்றுமேட்டில் உட்கார்ந்து குடைந்து குடைந்து கேட்டார். "எங்க எட்டுக் கல்லூரி விதியைவிட இது நல்லா இருக்கு" என்றார்.

ஆனால் கிணறு அப்போதே இறங்க ஆரம்பித்திருந்தது. அண்ணன் தன் காட்டில், கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், போர் போட்டிருந்தான். தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் செல்லம்மாக்கா முறையன்று மோட்டார் போட்டால், சற்று நேரத்தில் காற்றை இழுத்து உறுமிவிட்டு நின்றுவிடும்.

"நீ சொன்னா உங்கண்ணன் கேப்பான் அம்மிணி" என்றாள் செல்லம்மாக்கா.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தேன். அண்ணன் கோபப்படவில்லை.

"அம்மிணி, நான் ஆரு தண்ணியவும் திருடல. எம்பட காட்டுல, எம்பட செலவுல போர் போட்டேன். கூட்டுக் கெணத்துல எம்முறையவே வேண்டாம்னு உட்டுட்டேன். இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றெ?"

என் கணவர் கேட்டார்: "மச்சான், கிணத்துக்கும் போருக்கும் அடியில ஊத்து ஒண்ணுதானே?"

"அடியில என்ன இருக்குதுன்னு ஆரு மாப்பிள்ளை பாத்தா? பட்டா மேலதான குடுக்கறாங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாரன் பேச்சு அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது.

கை கழுவிவிட்டு அண்ணனே இறங்கி வந்தான். "ஆம்பளை இல்லாத ஊடு. பாவம். வாரத்துல ஒரு நா நம்ம போர்த் தண்ணிய அவ காட்டுக்குத் திருப்பி உடறேன். தருமமாப் போகட்டும்."

நான் சந்தோஷமாகச் செல்லம்மாக்கா சாளைக்கு ஓடினேன். மல்லிகா அங்கே நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். செல்லம்மாக்கா முகம் மலரவில்லை.

"முறைன்னு உடறானா, தருமம்னு உடறானா?"

"அதுல என்னக்கா இருக்குது? தண்ணி தண்ணிதானுங்களே?"

"இல்ல அம்மிணி. முறைன்னா, ஒரு நா அவன் மடையைத் திருப்பலீன்னா நாலு பேரைக் கூட்டி வெச்சு நான் கேக்கலாம். தருமம்னா அவன் ஊட்டு வாசல்ல போய் நிக்கோணும். இன்னிக்கு உடுவான், நல்ல பையன்தான். நாளைக்கு அவனுக்கே பத்தலீன்னா? அவம் பையன் காலத்துல?" கையிலிருந்த கடலைத் தொலியை உதறினாள். "எனக்கு வேண்டாஞ்சாமி. கெணத்துல இருக்கற மட்டும் இருக்கட்டும்."

மல்லிகாவுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், முறை என்றால் என்ன, தருமம் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சொன்னேன். அந்த இரண்டு வார்த்தைகளையும் தமிழிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

4

வசந்த காலத்தில் ஒரு பெரிய நகரத்து ஓட்டலில் எட்டுக் கல்லூரியும் கூடின. போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் சமையலறையில் வந்து நின்றார். வழக்கமாக அங்கே வரமாட்டார்.

வாரனின் யோசனை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. இனி டிவியில் வருகிற கல்லூரிக்கே பெரும் பங்கு. வராத கல்லூரிக்கு மிச்சத்தில் கொஞ்சம். அப்படிச் செய்தால் எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிகளுக்கு அடி பலமாக விழும் அல்லவா? அதற்காக இரண்டு பருவத்துக்குப் பெரிய கல்லூரிகள் இரண்டும் சேர்ந்து 'உதவி' தரும். யாரும் எதையும் மறைக்கவில்லை. உதவி என்றே சொன்னார்கள், உதவி என்றே எழுதினார்கள்.

"தொகை கிட்டத்தட்ட பழைய பங்கு அளவுக்கே வருது" என்றார்.

"செல்லம்மாக்கா சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்கு. அவங்க ஒரு ஆள், வசந்தா. வேண்டாம்னு சொல்லிட்டு அவங்க பட்டினி கிடக்கலாம். நான் ஒரு கல்லூரிக்குப் பதில் சொல்லணும். வேண்டாம்னா பெரியவங்க ரெண்டு பேரும் வேற கூட்டுக்குப் போயிடுவாங்க. பங்கும் இருக்காது, உதவியும் இருக்காது. அப்ப என்ன செய்யறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

"ரெண்டு பருவம் முடிஞ்சா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுக்குள்ள நம்ம டீம் நல்லா ஆட ஆரம்பிக்கும்ங்கறார் கல்லூரித் தலைவர். மைதானத்துக்கு விளக்கு போடப்போறோம். சாயங்கால ஆட்டம்னா டிவிக்காரங்க வருவாங்களாம்." சொல்லிக்கொண்டே இருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "நானும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். வேற வழி வரலை."

யோசனைக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு வந்தார். கல்லூரித் தலைவர் கை குலுக்கினார். அந்த வருஷம் மல்லிகா எங்கள் ஊர்க் கல்லூரியிலேயே சேர்ந்தாள். ஓட்டக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். படிப்புக் கட்டணத்தில் சலுகையும் கிடைத்தது. வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது.

ஆனால் என் காதில் 'உதவி' என்ற அந்த வார்த்தை நின்றுவிட்டது. ஜன்னலுக்கு முன்னால் யாராவது வந்து, "இங்கே உன்னை நன்றாக வைத்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டால் முன்போல் உடனே தலையாட்ட வரவில்லை. இத்தனை வருஷம் இருந்து, வரி கட்டி, குடியுரிமைக்காகக் கையைத் தூக்கி உறுதிமொழியும் எடுத்தாயிற்று. எங்களுக்கு இந்த ஊரில் இருப்பது முறையா, தருமமா? நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் மனசு நோகும். நோகும் என்று நான் பயப்படுவதே ஒரு பதில்தானோ என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொள்வேன்.

5

விளக்கு போட்டார்கள். நாலு உயரமான கம்பங்கள். டிவி வண்டி ஓரிரு தடவை வந்தது. எங்கள் டீம் நன்றாக ஆட ஆரம்பிக்கவில்லை. உதவி சொன்னபடி இரண்டு பருவம் வந்தது. சொன்னபடி நின்றது. யாரும் ஏமாற்றவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கல்லூரித் தலைவர் அவரைக் கூப்பிட்டு, விளக்குக் கடன் இருக்கிறது, எதையாவது குறைத்தாக வேண்டும் என்றார். டென்னிசையும் பெண்கள் நெடுந்தூர ஓட்டத்தையும் நிறுத்தினார்கள். செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவரே. மல்லிகா மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார்.

அவள் கத்தவில்லை. ஆங்கிலத்தில்தான் பேசினாள். "செல்லம்மா பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க வாங்க மாட்டேன்னு சொன்னாங்க. நீங்க வாங்கிட்டீங்க." தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவரோடு அவள் பேச்சு குறைந்தது. சரி, இல்லை, தேவையில்லை. அவ்வளவுதான். சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டாள்.

வேறொரு மாநிலத்துக் கல்லூரி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் கல்லூரி மாறுகிற விளையாட்டுப் பிள்ளை ஒரு வருஷம் ஓடாமல் உட்கார வேண்டும் என்பது சட்டம். பழைய கல்லூரி அந்த விளையாட்டை மூடிவிட்டிருந்தால் மட்டும் விலக்கு. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "மூடவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்றார்கள். மூடினோம் என்று எழுதினால் நன்கொடை தருகிற பழைய மாணவிகள் சண்டைக்கு வருவார்களாம். குழு இல்லை, பயிற்சியாளர் இல்லை, பந்தயம் இல்லை. ஆனால் மூடவும் இல்லை. இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு, அங்கிருந்து கல்லூரி வக்கீலுக்கு, வக்கீலிடமிருந்து திரும்ப முதல் அறைக்கு என்று அவளை அலைய விட்டார்கள்.

ஒருநாள் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கல்லூரித் தலைவரிடம், "மூடிவிட்டோம் என்று எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். தலைவர் சிரித்து, "சாம், நீங்கள் அந்தக் குழுவைக் காப்பாற்றத்தானே வரவேண்டும்?" என்றாராம். "அதைக் காப்பாற்ற வேண்டிய அன்றைக்கு நான் காப்பாற்றவில்லை. இப்போது அந்தப் பிள்ளைகளையாவது விடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். தலைவர் இசையவில்லை. இவர் கூட்டின் நாற்காலியை விட்டு விலகினார். பிறகும் ஒவ்வொரு வாரமும் அந்த அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார். தன் மகள் தன்னைவிட்டுத் தூரப் போவதற்காக ஒரு மனிதர் அப்படி அலைந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த நாளெல்லாம் மல்லிகாவும் அவளோடு குழுவில் இருந்த சில பெண்களும் ஓடுவதை விடவில்லை. மைதானத்துச் சாவி பிடுங்கப்பட்டிருந்தது. அதனால் விடிவதற்கு முன்னால், சோளக்காட்டு நடுவே போகிற தார்ச்சாலையில் ஓடினார்கள். அந்தச் சாலையில் தானிய லாரிகள் வேகமாக வரும். ஒருநாள் அவரும் எழுந்து, காரை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் மெதுவாகப் போனார், முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு. மறுநாளும் போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனின் போன் வந்தது. கூட்டுக் கிணறு அடியோடு வறண்டுவிட்டது. செல்லம்மாக்கா இரண்டு ஏக்கரையும் அண்ணனுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு, ஆத்தூரில் மகனிடம் போய்விட்டாள். "கடைசி வரைக்கும் என்ற போர்ல ஒரு கொடம் தண்ணி எடுக்கல அம்மிணி. என்ன ரோசமோ" என்றான். அவன் குரலிலும் ஏதோ இருந்தது. "அவ கோவிச்சுக்கிட்டாவது போயிருக்கலாம். வாரேஞ்சாமின்னு சொல்லிப்போட்டுப் போறா."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் மாடிப்படியில் மல்லிகா நின்றிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "அவங்க எங்கே போனாங்க?" என்றாள். சொன்னேன். "நிலம்?" என்றாள். சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாங்காதவளுக்கும் கிணறு போயிற்று, வாங்கியவருக்கும் போயிற்று. அவள் அதைத்தான் நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் அதைத்தான் நினைத்தேன்.

குளிர் குறையத் தொடங்கிய ஒரு நாளில் 'மூடப்பட்டது' என்று கல்லூரி எழுதிக் கொடுத்தது. அவர் அலுத்துப்போகவில்லை, அவர்கள் அலுத்துப்போனார்கள். இனி மல்லிகா போகலாம். போனாள், கோடை முடிந்ததும். எங்கள் கல்லூரியும் இந்த வருஷம் கூட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது, அல்லது வெளியே விடப்பட்டது. எங்கள் இடத்துக்கு ஒரு நகரத்துக் கல்லூரி வந்திருக்கிறது. அங்கே டிவி வைத்திருக்கிற வீடுகள் நிறைய.

அவளிடமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது. பாதி நேரம் என்னோடு, பாதி நேரம் அவரோடு. என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கல்லூரிக் காகிதம் வந்த மறுநாள் விடியற்காலையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நானும் காரில் இருந்தேன். ஓரத்தில் பனி இன்னும் கரையவில்லை. முன்னால் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், மூச்சு புகை புகையாகப் போய்க்கொண்டிருந்தது. மல்லிகா வேகத்தைக் குறைத்துப் பின்னுக்கு வந்து, காரோடு ஒட்டி ஓடி, அவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். அவர் அவசரமாக இறக்கினார்.

"அப்பா, லைட்டைக் கொஞ்சம் தாழ்த்துங்க" என்றாள், தமிழில். "எங்க நிழலே எங்களுக்கு முன்னால விழுது. கால் வைக்கற எடம் தெரியலைங்க."

அவர் விளக்கைத் தாழ்த்தினார். கண்ணாடியை மேலே ஏற்றவில்லை. அவள் முன்னால் ஓடிப் போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள். அத்தனை குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவர்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.